ஸ்காட் பள்ளியை அளந்தவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரிந்தவர்களும் கையைக் காட்டுவார்கள், தெரியாதவர்களும் கையைக் காட்டுவார்கள். கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து வந்த புதிதில் நான் துணிக்கடையைத் தேடிப் போய்ப் படகுத்துறையில் நின்றிருக்கிறேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மனிதர்தான், கேட்டவரின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க" என்று சொல்வார். சொல்லிவிட்டு அதற்காகச் சங்கடப்படவும் மாட்டார். எதிரே இருப்பவருக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

எல்லாரும் அவரை ஓவர்சியர் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்று தோன்றுகிறது. நாகர்கோவில்காரர். பொதுமராமத்து இலாகாவில் இருந்தவர். ஐம்பத்தாறில் மாநிலங்கள் பிரிந்தபோது அவர் ஊர் மதராஸ் பக்கம் போய்விட்டது, வேலை கேரளத்துப் பக்கம் நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் அவர் வேலையை விட்டார். மனைவியையும் மகளையும் ஊரில் வைத்துவிட்டு, மட்டாஞ்சேரியில் ஒரு மாடியறை எடுத்துக்கொண்டு, கோடவுன் முதலாளிகளுக்கு நிலம் அளப்பதும் கட்டிடம் பார்த்துச் சொல்வதுமாகப் பிழைத்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத நீண்ட கைகள், சட்டைப் பையில் எப்போதும் சுவரின் நேர் பார்க்கிற ஒரு தூக்குக்குண்டு.

அவரை நான் அறிந்தது ஸ்காட் பள்ளியில்.

கொச்சியில் பள்ளி என்றால் கிறிஸ்தவர்களின் தேவாலயம். பஜார் தெருவுக்குப் பின்னால், சுக்கு கோடவுன்களுக்கு நடுவே, யாரும் தொழாத ஒரு தேவாலயம் இருந்தது. கப்பல் கம்பெனிகளிலும் கயிறு கம்பெனிகளிலும் இருந்த ஸ்காட்லாந்து துரைமார்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. சுதந்திரம் வந்து அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறியதும் பூட்டிவிட்டார்கள். கடைசியாகப் போன துரை, கட்டிடம் சும்மா கிடக்க வேண்டாமென்று சாவியை எங்கள் மாதர் சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே நான் தையல் வகுப்பு நடத்தினேன். ஆறு மெஷின், இருபது பெண்கள். புருஷன் இறந்தவர்கள், விட்டுவிட்டுப் போனவர்கள், இருந்தும் பிரயோஜனமில்லாதவர்கள். அப்புறம் அது தமிழில் சொல்கிற பள்ளியாகவும் ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அந்தக் கட்டிடம் மற்றத் தேவாலயங்களைப் போல இருக்காது. உள்ளே பீடம் இல்லை. சிலுவை இல்லை, மாதா இல்லை, ஒரு படம்கூட இல்லை. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி கிடையாது, வெறும் கண்ணாடி. பிரசங்க மேடை ஒரு கோடியில் இல்லாமல் நீளச் சுவரின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, மரத்தில் செய்த பெட்டி மாதிரி நின்றது. அதன் தலைக்கு மேல் ஒரு மரக்குடை. மூன்று பக்கமும் பெஞ்சுகள் அந்த மேடையையே பார்த்தபடி. முதல் நாள் வந்த ஒரு கிறிஸ்தவப் பெண் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன டீச்சர், கோர்ட்டு மாதிரி இருக்கு!" என்றாள். கூரை உச்சியில் கிளிக்கூண்டு போல ஒரு கல்கூண்டு, அதில் மணி இல்லாத கொக்கி. வெளியே, வடக்குச் சுவரை ஒட்டி ஒரு கல்படி நேராக மாடிக்கு ஏறும். அந்த மாடியில் நாலு பேர் உட்காரத்தான் இடம்.

அந்தப் படிக்கட்டுக்கு ஊரில் ஏழெட்டுக் கதைகள் இருந்தன. புருஷனோடு பேசாத வெள்ளைக்காரி ஒருத்தி தனியாக ஏறிப் போவாளாம். குஷ்டரோகிகள் ஏறும் படி என்பார்கள் சிலர். புதையல் அறைக்கு வழி என்றும் ஒரு கதை. ஒரு நாள் காலை நாங்கள் தைத்துக்கொண்டிருந்தபோது ஓவர்சியர் அந்தப் படியை அளந்துகொண்டிருந்தார். யாரும் அளக்கச் சொல்லவில்லை. பக்கத்துக் கோடவுனுக்கு அளவு எடுக்க வந்தவர், இதைப் பார்த்ததும் மனசு கேட்காமல் உள்ளே வந்துவிட்டார். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். சுவரைத் தட்டிப் பார்ப்பார், கனத்தை அளப்பார், நோட்டில் எழுதுவார்.

எங்கள் வகுப்பில் ஆமினா என்று ஒரு பெண். ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அவள்தான் முதலில் கேட்டாள்.

"என்னத்துக்கு சாரே சுவரைத் தட்டிக்கிட்டே இருக்கீங்க? உள்ள யாராச்சும் உண்டோ?"

"தெரியாது. அதுக்குத்தான் தட்டுகேன்" என்றார்.

நான் படிக்கட்டைப் பற்றிக் கேட்டேன். "அந்த நாட்டுல நிலம் வச்சிருக்க பெரிய குடும்பம் சபையோட சேந்து உக்காராதாம். தனிப் படி, தனி மாடின்னு கட்டிக்குவாங்களாம். இது இங்கிருந்து போன துரை இங்க யார்கிட்டயோ சொன்னதாம். நான் பாத்தது இல்ல. இங்கே எந்தக் குடும்பம் உக்காந்துதுன்னு கேட்டா, தெரியாது பாத்துக்கிடுங்க."

எப்போதும் அப்படித்தான். பார்த்தது வேறு, கேட்டது வேறு. அவருடைய நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருப்பார். இடது பக்கம் கண்டது, வலது பக்கம் கேட்டது. வலது பக்கம் அதிகமானால் அவருக்கு முகம் வாடிவிடும்.

ஒரு தடவை பாபின் ஒன்று உருண்டு தரைப்பலகை இடுக்கில் விழுந்தது. பலகையை நெம்பி எடுத்தபோது அதனடியில் ஈயத் துண்டுகள் கிடைத்தன. பெருவிரல் நகமளவு, நீள்வட்டமாக, இரண்டு எழுத்து பொறித்தவை. பதினேழு இருந்தன. புதையல் என்று அன்று சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கப் பேச்சு. துறைமுகத்தில் வேலையிலிருந்த என் வீட்டுக்காரரே ஓடி வந்தார். ஒருவர் டச்சுக் காசு என்றார், ஒருவர் சூனியத் தகடு என்றார். ஓவர்சியர் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினார். "ஈயம். எழுத்து இருக்கு. அதுக்கு மேல தெரியாது" என்று கீழே வைத்துவிட்டார். கூட்டம் ஏமாந்து கலைந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போன துரையின் முகவரியைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை எங்களுக்கெல்லாம் வாசித்துத் தமிழில் சொன்னார். அவர்கள் சபையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தில் உட்காரத் தகுதியுள்ளவர்களைப் பெரியவர்கள் முன்கூட்டியே விசாரித்து இந்த ஈயத் துண்டைக் கொடுப்பார்களாம். கொண்டு வந்து காட்டினால்தான் மேசையில் இடம்.

"ஓ, ரேஷன் கார்டு" என்றாள் ஆமினா.

ஓவர்சியர் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனால் அவர் ஏதோ வேடிக்கையான மனிதர் என்று தோன்றும். அவருக்கு நான் பட்டிருக்கிற கடன் வேடிக்கையில் வந்ததல்ல.

பள்ளிக்கு ஏதோ ஒரு டிரஸ்டார் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். ஒரு வருஷம் அவர்கள் அதைப் பக்கத்துக் கோடவுன் முதலாளிக்கு விற்றுவிட்டார்கள். விற்கும்போது ஒரு நிபந்தனை எழுதி வாங்கினார்கள்: கட்டிடம் நல்ல நிலையில் நிற்கும் வரை தையல் வகுப்பைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. முதலாளி கெட்டவர் இல்லை. சித்திரை விஷுவுக்கு எங்கள் பெண்களுக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் மழைக்காலத்தில் சுக்கு மூட்டைகளை வைக்க இடமில்லாமல் தவித்தார். அவருக்குத் தேவை இடம்.

அந்தக் கோடையில் ஆமினா தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணிமேல் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேற்குச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல். முதலாளிதான் ஓவர்சியரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார்.

"விழுமா, விழாதா? ஒரு வார்த்தையில சொல்லும்" என்றார்.

"தெரியாது முதலாளி. பாக்கணும்."

படச்சட்டம் போடும் கடையில் மெல்லிய கண்ணாடித் துண்டுகள் வாங்கி வந்து, விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். வாரத்துக்கு இரண்டு முறை வந்து பார்த்தார். மே போனது, ஜூன் போனது. இடவப்பாதி என்று அங்கே சொல்கிற பருவமழை கொட்டியது. ஜூலையில் ஒரு நாள் காலை, ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தபோது வந்தவர், சுவர் அருகே போய் நின்றவர் அப்படியே நின்றார். மூன்று கண்ணாடியும் உடைந்திருந்தன.

திரும்பி எங்களைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அடியில்தான் ஏழெட்டுப் பேர் காலை நீட்டி உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடியில் குழந்தை.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார். "துணி கிடக்கட்டும். எந்திரிங்க, எந்திரிங்க."

அந்தக் குரலை நாங்கள் கேட்டதில்லை. மழையில் நனைந்துகொண்டு வெளியே வந்தோம். அன்றே அவர் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தார்: சுவர் நகர்கிறது, கட்டிடம் ஆபத்தானது. முதலாளி அதை முனிசிபாலிட்டியில் கொடுத்தார். பள்ளியைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டினார்கள். மழை முடிந்ததும் விசாரித்து, இடிக்க உத்தரவு போடுவார்களாம்.

ஆறு மெஷினும் என் வீட்டுக் கூடத்தில் வந்து அடைந்தன. சாப்பிட உட்கார இடமில்லை. இருபது பேர் தைப்பது எப்படி? இடம் தேடிச் சங்கத்துப் பெண்களோடு நான் ஏறாத படி இல்லை. ஒவ்வொருத்தியாக வராமல் போனார்கள். இரண்டு பேர் திரும்ப வீட்டுவேலைக்குப் போனார்கள். ஆமினா சுக்கு கோடவுனுக்குப் போனாள். இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிக் காயவைக்கும் வேலை. ஒரு மாதத்தில் அவள் விரல் நுனிகளெல்லாம் வெடித்துவிட்டன. ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தவள், மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். விரல் பிடிக்கவில்லை. நூலை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் படகுத்துறையில் ஓவர்சியரைக் கண்டேன். எர்ணாகுளத்துப் படகுக்கு நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"சாரே, ஒண்ணு கேக்கட்டுமா? வழி கேட்டா தெரியாதும்பேள். படியைக் கேட்டா தெரியாது, ஈயத்தைக் கேட்டா தெரியாது. சுவர் விழும்னு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கண்ணாடி உடைஞ்சுதுல்லா டீச்சர்."

"கண்ணாடி உடைஞ்சுது. அது நீங்க கண்டது. விழும்னு கண்டேளா?"

படகு வந்தது. அவர் அதில் ஏறவில்லை. நான் ஏறிப் போய்விட்டேன். ஒரு மனிதரை அப்படி நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டோமே என்று திரும்பி வரும்போது தோன்றியது. ஆனாலும் அதற்காக நான் வருந்தவில்லை. அப்போது ஆமினாவின் விரல்கள்தான் என் கண்ணில் நின்றன.

அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்பது எனக்கு ஜனவரியில்தான் தெரிந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் இருமல் சத்தம். ஓவர்சியர், கையில் நோட்டு. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

"டீச்சர், நான் தப்பாச் சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க கேட்ட மறுநாளே போய்த் திரும்பக் கண்ணாடி ஒட்டினேன். முனிசிபாலிட்டில சொல்லிச் சாவி வாங்கிக்கிட்டேன். வாரா வாரம் விரிசலையும் அளந்தேன். செப்டம்பர்ல அகலம் கூடிச்சு. அக்டோபர்ல நின்னுச்சு. மழை விட்டு வெயில் அடிச்சதும் கொஞ்சம் கொஞ்சமா மூடுது பாத்துக்கிடுங்க. இப்போ ஒரு நூல்கூட நுழையாது. அது விழற சுவரு இல்ல. மழைக்குத் திறக்கும், வெயிலுக்கு மூடும். எத்தனை வருஷமா அப்பிடி இருக்கோ. ஒரு வருஷம் முழுக்கப் பாத்துட்டு எழுதியிருக்கணும். நான் ரெண்டு மாசத்துல எழுதிட்டேன்."

"ஏன் சாரே அப்படிச் செஞ்சேள்? நீங்க அப்படிச் செய்ற ஆள் இல்லையே."

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்குத் தெரியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல்ல. அந்தப் பொண்ணு மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு அடியில உக்காந்திருந்துது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் புளித் தண்ணீர், துடைக்கவும் முடியவில்லை. ஆறு மாதமாக நான் யாரைச் சபித்துக்கொண்டிருந்தேனோ, அவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தெரியாததைத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார், அதுவும் எங்களுக்காக.

பிப்ரவரியில் முனிசிபாலிட்டியில் விசாரணை. அதற்கு முந்தின வாரமே அவர் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை முதலாளியே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"நோட்டு உம்ம கையில இருக்கு ஓவர்சியரே. நீரா எடுத்துக் காட்டாட்டா யாரும் கேக்கப் போறதில்ல. சும்மா இருந்தா மதி, அது போதும்."

"சும்மா இருந்தா சுவரு போயிரும் முதலாளி."

"இன்னிக்கு ஆபத்துங்கறீர், நாளைக்கு இல்லேங்கறீர். இனிமே இந்த பஜார்ல உம்மை ஆரு நம்புவா?"

"அது தெரியாது பாத்துக்கிடுங்க."

விசாரணைக்கு நானும் ஆமினாவும் போய்ப் பின்னால் நின்றோம். முனிசிபல் எஞ்சினியர் இளைஞர், பொறுமையானவர். ஓவர்சியர் மேசைமேல் நோட்டை விரித்து வைத்து, முன்பு எழுதிக் கொடுத்தது தவறு என்று எழுந்து நின்று சொன்னார். காரணத்தை அளவோடு சொன்னார்.

எஞ்சினியர் மலையாளத்தில் கேட்டார்: "அப்படியானால் இப்போது கட்டிடம் உறுதி என்கிறீர்களா?"

"மழைக்கு எவ்வளவு நகர்ந்துது, வெயிலுக்கு எவ்வளவு திரும்பி வந்துதுன்னு இதுல இருக்கு. அது சொல்லலாம். நூறு வருஷம் நிக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஏன் இப்பிடி நகருதுன்னும் தெரியாது. சாந்தை உரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எஞ்சினியர் சிரிக்கவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் போட்டிருந்த கோட்டின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். ஓவர்சியர் சொன்னார். எஞ்சினியர் நோட்டை மூடி வைத்துவிட்டு, "சாந்தை உரியுங்கள், நானும் வருகிறேன்" என்றார்.

மறுநாள் காலை பள்ளியைத் திறந்தார்கள். இரண்டு கொத்தனார்கள் விரிசலின் இரு பக்கமும் சாந்தைக் கொத்தி எடுத்தார்கள். முதலாளி, எஞ்சினியர், நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். தூசி அடங்கியபோது பார்த்தால், விரிசல் தூக்குக்குண்டு பிடித்தது மாதிரி நேர்க்கோடு. அதற்கு வடக்கே ஒரு சுவர், தெற்கே ஒரு சுவர். வடக்கே வெட்டுக்கல், அந்த ஊர்ச் செம்பாறைக் கல். தெற்கே சின்னச் சின்னச் செங்கல், மூன்றடிக் கனம். அதன் நடுவில் ஒரு மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு வளைவு, பிறகு யாரோ கல் வைத்து அடைத்தது. அது விரிசலே இல்லை. இரண்டு காலத்துச் சுவர்கள் சந்திக்கும் இடம். இரண்டுக்கும் அஸ்திவாரம் வேறு வேறு. மழையில் ஊறும்போது தனித்தனியாக அசைகின்றன.

ஓவர்சியர் அந்த அடைத்த வளைவின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இந்த ஒரு சுவரு மட்டும் ஏன் மூணடி கனம்னு ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன் டீச்சர். இது முதல்ல ஒரு கோடவுன்லா! துரைமாரு அதை வாங்கி, பாதி கட்டிச் சேத்துப் பள்ளி ஆக்கியிருக்காங்க. அதான் பீடம் வைக்க வேண்டிய பக்கம் வைக்காம மேடையை நடுவுல..." அங்கே நிறுத்திக்கொண்டார். "இல்ல. அது அவங்க வழக்கம்னு துரை எழுதியிருக்காரு. அதையும் இதையும் சேக்கக் கூடாது."

"டச்சுக்காரர்களின் கோடவுனா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"தெரியாது. பள்ளிக்கு முந்தினதுன்னு மட்டும் சொல்லலாம்."

"கோடவுன் ஆக்கணும்னு நான் கிடந்து அடிச்சுக்கறேன், இது முன்னாலேயே கோடவுனா?" என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம், அவரும் சேர்ந்து.

இரண்டு சுவர்களையும் இரும்புக் கம்பியால் பிணைத்துக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு நோட்டீஸை எடுத்துவிட்டார்கள். கம்பி வேலையை, படகு பழுது பார்க்கும் கொல்லன் ஒருவரைக் கூட்டி வந்து, கூலி வாங்காமல் ஓவர்சியரே நின்று முடித்தார். விஷு கழிந்து மெஷின்கள் திரும்பப் பள்ளிக்குப் போயின. இருபது பேரில் பதினாறு பேர் வந்தார்கள். ஆமினா முதல் ஆளாக வந்து, அதே மேற்குச் சுவருக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். விரல் ஆற இன்னும் மூன்று மாதம் ஆயிற்று.

அந்த இடத்தில் நாங்கள் மேலும் ஏழு வருஷம் தைத்தோம். பள்ளிக்கூடச் சீருடைகள், ஆஸ்பத்திரித் திரைகள், கல்யாணப் பாவாடைகள். அதற்குள் சங்கத்துக்கென்று ஒரு சின்னக் கட்டிடம் எழுந்தது. நாங்களாகவே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு மாறினோம். அறுபதுகளின் கடைசியில் அவர் பள்ளியை இடித்தார். வெட்டுக்கல் சுவர்கள் நாலு நாளில் விழுந்தனவாம். அந்த மூன்றடிச் சுவரோடு ஆட்கள் மூன்று வாரம் மல்லுக்கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கப் போகவில்லை.

முதலாளி சொன்னது பலித்தது. பஜாரில் ஓவர்சியரை நம்பவில்லை என்றில்லை. நம்பினார்கள், அதனால்தான் கூப்பிடவில்லை. தாம் சொன்னதையே எதிர்த்துச் சாட்சி சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு எந்த முதலாளி கட்டிடம் பார்ப்பார்? விசாரணைக்குப் பிறகு இரண்டு வருஷம் எப்படியோ ஓட்டினார். மதியச் சாப்பாட்டுக்குப் பதில் சாயா குடிப்பதை ஆமினா கண்டுபிடித்து வந்து சொன்னாள். அப்புறம் எங்களில் யாராவது ஒருத்தி கூடுதலாக ஒரு சோற்றுப்பொதி கொண்டு வந்து, "மிச்சமாயிடுச்சு சாரே" என்று சொல்வது வழக்கமாயிற்று. மிச்சமானது இல்லை என்று அவருக்குத் தெரியும். அதை மட்டும் அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

அறுபத்தொன்றில், ஊருக்கே போய்விடுவதாகச் சொல்ல வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. அங்கே வேலை ஏதாவது பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். என்ன பதில் வரும் என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

அவருக்கு என்ன செய்வது என்று பெண்கள் கூடிப் பேசினார்கள். சட்டை தைக்கலாம் என்று முடிவாயிற்று. ஆனால் அளவு? அத்தனை பெண்களில் யார் போய் ஒரு அந்நிய ஆண்பிள்ளையின் தோளில் டேப்பை வைப்பது? மட்டாஞ்சேரி முழுவதையும் அளந்த மனிதரை எங்களால் அளக்க முடியவில்லை. "எனக்குக் கண்ணளவு போதும்" என்று ஆமினா கத்திரியை எடுத்தாள். வெள்ளைக் காடா. ஒருத்தி காலர் வைத்தாள், ஒருத்தி பை வைத்தாள். பித்தான் ஐந்தையும் ஐந்து பேர் தைத்தார்கள். சண்டை போட்டுக்கொண்டுதான்.

அவர் புறப்பட்ட அன்று காலை எல்லாரும் படகுத்துறைக்குப் போனோம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். டிக்கெட் கொடுக்கிற கொட்டகைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கு சாரே?" என்றாள் ஆமினா.

வேறு யாராக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். தோளை அசைத்துப் பார்த்தார்.

"தோளு சரி. காலரு சரி. கை ஒன்றரை இஞ்சு கூடுதல்."

"கழட்டித் தாங்க, இப்பவே மடிச்சுத் தச்சுத் தர்றேன். ஊசி இருக்கு" என்று ஆமினா கையை நீட்டினாள்.

"வேண்டாம்மா" என்றார். "இப்பிடியே போறேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினார். சட்டைக்கையை மடித்து விட்டுக்கொள்ளவில்லை. படகு திரும்பி வெண்டுருத்தித் தீவுப் பக்கம் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். கரையிலிருந்து பார்த்தால் விரல்கள் தெரியவில்லை. சட்டைக்கைதான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.